எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தெள்ளுகள் சாகவில்லை

1

போன வாரத்தோடு நான் இந்தியக் குடிமகள் இல்லை. பழைய பாஸ்போர்ட்டின் ஓரத்தைக் கத்தரித்து, ரத்து என்று முத்திரை குத்தி, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்தச் செய்தி அங்கே எப்படித்தான் போய்ச் சேர்ந்ததோ, என்னோடு விலங்கியல் படித்தவள் ஒருத்தி திண்டுக்கல்லில் இருந்து, 'பெல்ஜியம்காரி ஆயிட்டியாமே, பார்ட்டி எப்போ?' என்று மெயில் அனுப்பியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவளுக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. பார்ட்டி கேட்க நினைத்திருக்கும் மற்றவர்களும் படித்துக்கொள்ளுங்கள்.

இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் வேலைக்கு முதலில் வந்தார். கைக்குழந்தையோடு நான் பின்னால் வந்தேன். குடியுரிமை கேட்கிற தகுதி வந்த உடனே அவர் வாங்கிக்கொண்டார், மகளுக்கும் வாங்கிவிட்டார். நான் மட்டும் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அதனால் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கிற போதெல்லாம் நகராட்சி அலுவலகத்தில் நம்பர் சீட்டை வாங்கிக்கொண்டு தேவுடு காக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். வீட்டில் பிறந்த எனக்கு ஏது பிறப்புச் சான்றிதழ்? பங்குக் கோயிலில் கொடுத்த ஞானஸ்நானச் சான்றுதான் உண்டு. அதை இந்த ஊர் மொழியான ஃபிளமிஷில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் கையெழுத்து நிஜம்தான் என்று இன்னொருவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால், 'கடவுள் உங்களுக்குச் சான்று கொடுத்திருக்கிறார், அரசாங்கம் கொடுக்கவில்லையா?' என்று கௌண்டர் பெண் கேட்பாள்.

எனக்கும் ஃபிளமிஷுக்கும் ஒரு பழைய தகராறு. அந்த மொழியில் என் வாய் யாரைப் பார்த்தாலும் 'நீங்க' போட்டுத்தான் பேசும். என் மகளோடு விளையாட வந்த ஏழு வயதுப் பிள்ளையை மரியாதையாக 'நீங்கள் ஜூஸ் குடிக்கிறீர்களா?' என்று கேட்டேன், அது மிரண்டுபோய் என் மகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கோபம் வந்தால் அப்படியே தலைகீழாகிவிடும். ஒருநாள் அந்தக் கௌண்டர் பெண்ணை 'நீ' போட்டுப் பேசிவிட்டேன். அதற்கப்புறம் என் காகிதம் எப்போதும் அடியில்தான் இருந்தது.

இம்புட்டு அவமானத்தையும் சகித்துக்கொண்டு ஏன் இழுத்தேன்? அண்ணனுக்கும் எனக்கும் ஒரு பேச்சு இருந்தது. மகள் படிப்பு முடிந்ததும் நாங்கள் ஊருக்கு வந்துவிடுவோம். கிணற்றுக்கு மேல்புறம் மூன்று அறை வைத்து ஒரு வீடு கட்டிக்கொள்வோம். அண்ணன் விவசாயம் பார்ப்பான், நான் திண்டுக்கல்லில் எங்காவது வாத்தியார் வேலை பார்ப்பேன். பாஸ்போர்ட்டை மாற்றினால் விவசாய நிலத்தில் சிக்கல் வரும் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். உண்மையோ பொய்யோ, எதற்கு வம்பு என்று அப்படியே இருந்தேன்.

2

எங்கள் ஊர் திண்டுக்கல்லில் இருந்து டவுன் பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது. பங்குக் கோயிலைச் சுற்றி எங்களைப் போல வேதக்காரர்கள், மேற்கே தோட்டக்காரர்கள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய நிலமும் கிணறும் தென்னையும் எங்களுக்கு உண்டு.

தோல் ஷாப்புகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள்தான் எல்லாரும். உப்பில் வரும் தோலை அலசிவிட்டு, அது அழுகாமல் இருக்கக் குரோமியம் உப்பில் ஊறவைப்பார்கள். அந்தத் தண்ணீர் ஓடை வழியாகக் குளத்துக்கு வந்து, குளத்தில் இருந்து மண்ணுக்குள் இறங்கி, எங்கள் கிணற்றுக்கு வந்துவிட்டது. நான் ஒன்பதாவது படிக்கும்போதே கிணற்றில் இறைத்த தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் இருந்தது, வாய்க்காலில் நுரை கட்டியது. தேங்காய் சுருங்கிப் பாக்குக் கொட்டை அளவுக்கு வந்து உதிர்ந்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசை வைத்தோம். எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் முதலில் தண்ணீரைத்தான் கேட்டார்கள். அண்ணனுக்குக் கன்னிவாடியில் பெண் பார்த்து, பேச்சு முடிகிற நேரத்தில் முறிந்துபோனது. அதற்கப்புறம் அவன் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டான்.

சுத்திகரிப்பு நிலையம் வந்தது, அதற்கொரு விழாவும் நடந்தது. பிறகு ஓர் அதிகாரி வந்து எங்கள் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குஞ்சு மீன்களை விட்டுப் பார்த்தாராம். மீன் சாகவில்லை. தண்ணீர் தேறிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வருஷமும் தென்னை காய்க்கவில்லை. அப்பா இறந்த பிறகு அண்ணன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளா லாரிகளுக்குக் காய்கறி மூட்டை ஏற்றப் போனான். நிலத்துச் சொந்தக்காரன், அடுத்தவன் விளைவித்த கத்தரிக்காயைத் தோளில் சுமந்தான். 

3

இங்கே என் பிழைப்பு என்ன என்று அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் தெள்ளு வளர்க்கிறேன். நாய் மேல் இருக்கிற தெள்ளு இல்லை. இது தண்ணீரில் தத்தித் தத்திப் போகிற பொடிப்பிராணி, இறாலுக்கும் நண்டுக்கும் ஒன்றுவிட்ட சொந்தம். கூனி இறால் மாதிரியா, குழம்பு வைக்கலாமா என்று அம்மா கேட்டாள். ஒரு கரண்டிக் குழம்புக்கு ஆய்வகத்தையே காலி பண்ண வேண்டியிருக்கும் என்றேன்.

உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். லென்ஸில் பார்த்தால் இதயம் துடிப்பது தெரியும், தின்ற பாசி பச்சையாகக் குடலில் இறங்குவது தெரியும், முதுகுப் பையில் முட்டை எத்தனை என்று பார்க்கலாம். எல்லாம் பொம்பிளைகள். நிலைமை நன்றாக இருக்கிறவரை ஆம்பிளையே தேவையில்லாமல் பெற்றுத் தள்ளும். தண்ணீர் கெட்டுப்போனால்தான் ஆண் குஞ்சு பிறக்கும். இதைச் சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பு போனுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

தண்ணீரில் உலோகம் கலந்தால் இந்தப் பிராணிக்கு என்ன ஆகிறது என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. முன்பெல்லாம் தெள்ளைத் தண்ணீரில் விட்டு எத்தனை செத்தது என்று எண்ணுவார்கள். சாகாவிட்டால் தண்ணீர் நல்லது. எங்கள் பேராசிரியர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். சாவது கடைசியில் நடப்பது, அதற்கு முன்னால் உயிருக்குள் என்னென்னவோ நடந்துவிடுகிறது என்பார். ஒவ்வொரு உயிரணுவிலும் ஆயிரக்கணக்கில் ஜீன்கள் இருக்கின்றன. எல்லாம் எப்போதும் வேலை செய்வதில்லை. உலோகம் உள்ளே வந்தால் சில ஜீன்கள் விழித்துக்கொள்ளும். உலோகத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிற புரதத்தைச் செய்யும், உடைந்ததை ஒட்டுகிற வேலையைச் செய்யும். அந்தச் செலவுக்காக வேறு சில ஜீன்கள் அடங்கிப்போகும். ஒரு கண்ணாடிச் சில்லில் ஆயிரக்கணக்கான புள்ளிகளாக இதைப் பார்க்கலாம். வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்யும் ஜீன் சிவப்பாகத் தெரியும், குறைந்தது பச்சையாகத் தெரியும்.

உலோகத்துக்கு உலோகம் இந்தப் புள்ளிக் கோலம் மாறும். வீட்டு நாய் குரைக்கிற குரலை வைத்தே வந்திருப்பது தபால்காரரா பிச்சைக்காரரா என்று சொல்லிவிடுவோமே, அந்த மாதிரிதான். செம்புக்கு ஒரு கோலம், துத்தநாகத்துக்கு ஒன்று, குரோமியத்துக்கு ஒன்று. சில்லைப் பார்த்தே இன்ன உலோகம் என்று சொல்கிற அளவுக்கு எனக்குக் கை வந்திருந்தது. இதையெல்லாம் அண்ணனிடமும் விளக்கியிருந்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அப்ப நம்ம கெணத்துக்கும் பாக்கலாம்ல?' என்றான்.

4

அண்ணன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின ஐப்பசி கார்த்திகையில் பெய்தது மழையா அது, ஊரே மிதந்தது. எங்கள் கிணறு மேல்படி வரை ஏறி நின்றது. தண்ணீர் தெளிந்து, அடியில் கிடக்கும் படிக்கட்டு தெரிந்தது. இருபது வருஷமாகப் பார்க்காத காட்சி. அண்ணன் மார்க்கெட்டுக்குப் போகாமல் ஒரு நாள் பூராவும் கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தானாம்.

அதே நேரத்தில் ஒரு நூல் மில்லுக்கு இடம் பார்க்கத் தரகர் வந்தார். பக்கத்து நிலமெல்லாம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது, எங்களுடையதுதான் நடுவில். அண்ணன் தரகரிடம், என் தங்கச்சி சொல்லட்டும் என்று சொல்லிவிட்டான். எனக்குப் போன் போட்டு, தண்ணி நல்லாயிருக்குன்னு நீ சொல்லு, நான் சின்ன வெங்காயம் நடுறேன், இல்லைன்னா எழுதிக் கொடுத்துட்டு மூட்டையே தூக்குறேன் என்றான். ஆபீசர் சொன்னதை நம்ப அவன் தயாராக இல்லை. தங்கச்சி சொன்னால் நம்புவான். அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கோடை விடுமுறைக்கு மகளோடு ஊருக்குப் போனேன். அவளுக்கு எட்டு வயசு. என் அம்மாவிடம் தமிழில் பேசுவாள், ஆனால் யோசித்து யோசித்து, பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்தவள் மாதிரி. கிணற்றை எட்டிப்பார்த்துவிட்டு, 'உங்க தண்ணி அழகா இருக்கு மாமா' என்று அண்ணனிடம் சொன்னாள். 'உங்க' என்ன, அது உன் தண்ணியும்தான் என்று நான் அதட்டினேன். அவளுக்கு எதற்குத் திட்டு வாங்கினோம் என்றே புரியவில்லை. அண்ணன்தான், விடு பாப்பா, பிள்ளை நல்லாத்தான சொல்லுது என்றான். அம்மாவும் அண்ணனும் என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கிளம்புகிற நாள் காலையில் நானே வெள்ளைப் பிளாஸ்டிக் கேனை மூன்று முறை அலசி, கிணற்றுத் தண்ணீரை நிறைத்து மூடினேன். பெட்டியில் புடவைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டச் சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இது என்ன? தண்ணீர். எங்கிருந்து? என் அம்மா வீட்டுக் கிணற்றில் இருந்து. அந்த அதிகாரி என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, ஓ, புனித நீரா என்று கேட்டான். எனக்கு என்னவோ சுருக்கென்றது. புனித நீர் இல்லை, அழுக்குத் தண்ணீர் என்றேன். அழுக்குத் தண்ணீரை யாரும் கடத்த மாட்டார்கள் என்று நினைத்தானோ என்னவோ, சிரித்துக்கொண்டே மூடச் சொல்லிவிட்டான்.

5

பேராசிரியர் நல்ல மனுஷன். மற்ற சோதனைகளில் மிச்சம் விழுகிற சில்லுகளில் என் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தெள்ளுகளை விட்டேன். பாதிக்குமேல் செத்தன. மீதியை எடுத்துச் சில்லில் ஏற்றினேன்.

படம் வந்தது. அவ்வளவு சிவப்பை நான் பார்த்ததில்லை. உலோகத்தைக் கட்டிப்போடும் ஜீன்கள் எல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு வேலை செய்திருந்தன. ஆனால் அந்தக் கோலம் குரோமியத்துடையது இல்லை, செம்புடையது. தோல் ஷாப்புத் தண்ணீரில் செம்புக்கு என்ன வேலை? தண்ணீரை வேதியியல் எந்திரத்தில் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் செம்பு என்றது, கூடவே கொஞ்சம் துத்தநாகம். எங்கள் ஊருக்கு யார் எந்தப் புது விஷத்தைக் கொண்டுவந்தார்கள் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கேனைக் கழுவினேன். உள்ளே எதுவோ கடகடவென்றது. கேனின் கைப்பிடிக்குள் ஒரு பொந்து இருக்குமே, அங்கே சிக்கியிருந்தது. தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டியதில் வந்து விழுந்தது. அந்தோணியார் மெடல். பித்தளையில் செய்து, நூலில் கோத்து, செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்தில் மந்திரித்துக் கொடுப்பார்களே, அது. பாதி பச்சை பூத்திருந்தது. பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும்தான்.

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சத்தம் கேட்டுப் பேராசிரியர் வந்து எட்டிப்பார்த்தார். அவருக்கு விளக்குவதற்குள் அழுகையும் வந்துவிட்டது. தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற அந்தோணியார், தண்ணீர் எங்கேயும் தொலைந்துபோகாமல் போய்ச்சேரட்டும் என்று அம்மா உள்ளே போட்டிருக்கிறாள். போட்டதை யாரிடமும் சொல்லவும் இல்லை. நம் வீட்டில் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பென்சில் டப்பாவிலும் அதைத்தான் போடுவோம். தண்ணீரும் பரீட்சைக்குத்தானே போகிறது. உலகத்தில் வேறு எந்த ஆய்வகத்துக்காவது இப்படி ஒரு கேன் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று அந்த மெடலையே ஆய்வகத்து நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, அதில் வேறு தெள்ளுகளை விட்டுப் பார்த்தேன். அதே கோலம், அதே சிவப்பு.

6

அண்ணனிடம் சொன்னபோது அவன் முதலில் கேட்டது, அப்ப நம்ம தண்ணியில கோளாறு இல்லையா என்றுதான். இருக்கிறதா இல்லையா என்று இந்தக் கேனை வைத்துச் சொல்ல முடியாது, புதுசாக அனுப்பு, அதுவரை எதுவும் செய்யாதே என்றேன். ஆனால் அவன் காதில் முதல் பாதிதான் விழுந்தது. செத்தது மெடலினால், தண்ணீரினால் இல்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டான்.

தரகரைத் திருப்பி அனுப்பிவிட்டான். பட்டுப்போன தென்னைகளின் தூரை ஆள் வைத்துத் தோண்டி எடுத்தான். உழவு ஓட்டினான். பாத்தி கட்டினான். விதை வெங்காயம் சொல்லிவைத்துவிட்டதாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை போனில் அவன் குரலைக் கேட்கும்போதெல்லாம் சின்ன வயதில் கிணற்றில் குதிப்பதற்கு முன்னால் கத்துவானே, அந்தச் சத்தம் கேட்டது. எனக்கும் ஆசை வந்துவிட்டது. வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்று வரைந்துகூடப் பார்த்தேன். மகளிடம் காட்டினேன். வைஃபை மாதிரி ஏதாவது அங்கே வருமா என்று கேட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள்.

அம்மாதான் உடைந்துபோயிருந்தாள். தன் கையால் போட்ட மெடல் பொடிப்பிராணிகளைக் கொன்றது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அந்தோணியார்மேல் கோபமா என்று கேட்டேன். கோபமெல்லாம் இல்லை, அவர் முகத்தில் முழிக்க வெட்கமாக இருக்கிறது என்றாள்.

இரண்டாவது கேனை எங்கள் ஊர்ப்பக்கத்துப் பங்குச் சாமியார் ஒருவர் கொண்டுவந்தார். இங்கே வேதசாஸ்திரம் படிக்க வந்தவர். ரயில் நிலையத்தில் கேனை என் கையில் கொடுத்துவிட்டு, உங்க அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார், மந்திரிக்கக் கூடாது, சிலுவை போடக் கூடாது, கேன் பக்கத்தில் ஜெபமாலையைக்கூட வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், பதினோரு வருஷமாகச் சாமியாராக இருக்கிறேன், என்னைப் பிசாசு மாதிரி நடத்தினது உங்க அண்ணன் ஒருவர்தான் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் இந்தக் கதையில் நான் கடைசியாகச் சிரித்தது.

7

தெள்ளுகளை விட்டேன். ஒன்றுகூடச் சாகவில்லை. ஒரு வாரம் கழித்தும் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அண்ணனைக் கூப்பிடப் போன் வரை போய்விட்டுத் திரும்பினேன். சில்லைப் பார்த்துவிடுவோம் என்று.

செம்பின் கோலம் இல்லை. குரோமியத்தின் கோலம்தான், கூட வேறு எதனெதனுடையதோ கலந்து கிடந்தது. தின்றதைச் செரிக்கவைக்கும் ஜீன்கள் பச்சையாக அடங்கிக் கிடந்தன. ஒட்டுப்போடும் ஜீன்கள் சிவப்பாக ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தன. லென்ஸில் பார்த்தால் குடல் நிறையப் பாசி இருக்கிறது, உடம்பு வளரவில்லை. முதுகுப் பையில் முட்டை குறைந்துபோயிருந்தது. அவை பெற்ற குஞ்சுகளையும் அதே தண்ணீரில் வளர்த்துப் பார்த்தேன். அவற்றுக்கு ஆண் குஞ்சுகள் பிறக்க ஆரம்பித்தன. இன்னொரு தடவை செய்தேன். அதற்கு அப்புறம் மூன்றாவது தடவையும் செய்தேன், வேறு பதில் வந்துவிடாதா என்று. வரவில்லை. வேதியியல் எந்திரமும் குரோமியம் என்றே சொன்னது. மழை கிணற்றைத்தான் நிறைத்திருக்கிறது. மண்ணில் இருப்பது மண்ணில்தான் இருக்கிறது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அங்கே சாயங்காலம். பாத்திக்குள் நின்றுகொண்டிருந்தான், அம்மாவும் பக்கத்தில் இருந்தாள்.

"செத்துச்சா?" என்றான் எடுத்த எடுப்பில்.

"சாகலைண்ணே. ஒண்ணுகூடச் சாகலை."

"அப்பறம் என்ன பாப்பா, நல்லதுதான?"

நான் சொன்னேன். உயிரோடு இருக்கின்றன, ஆனால் உயிரோடு இருப்பதற்கே அம்புட்டுச் சத்தும் போய்விடுகிறது, தின்றது உடம்பில் ஒட்டவில்லை, பிள்ளை பெறவும் தெம்பில்லை என்று சொன்னேன்.  நான் நிறுத்தியதும், மெடலுனால இல்லையான்னு அம்மா கேக்குது என்றான். இல்லை, மெடலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். அவன் சொல்ல, அம்மா அங்கே "ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. நவநாளுக்குப் போகலாம்.

அண்ணனுக்கு அது போதவில்லை. எந்த ஆபீசரிடம் போனாலும் சாகவில்லை என்றுதானே எழுதுவார்கள் என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஜீன் புள்ளியை வைத்து அங்கே யாரும் எதையும் எழுத மாட்டார்கள், எழுதச் சட்டமும் இல்லை. வெங்காயம் முளைக்குமா என்றான். முளைக்கும் என்றேன்.  பிறகு நிதானமாகக் கேட்டான்.

"அதுல வெளஞ்சத உன் பிள்ளைக்குக் குடுப்பியா? அத மட்டும் சொல்லு."

 கொடுப்பேன் என்று சொல்லியிருந்தால் மறுநாளே நட்டிருப்பான். மாட்டேன் என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. சரி என்று அவனே சொல்லிக்கொண்டான்.

"அந்தப் பூச்சிகளை எல்லாம் இப்ப என்ன செஞ்ச?"

"மிச்சம் இருந்தத நல்ல தண்ணிக்கு மாத்தி விட்டுட்டேன்ணே."

"அங்க போனாச் சரியாயிருமா?"

"அதுகளுக்குக் கொஞ்சம் தேவலையாகும். அதுகளோட குஞ்சுக்கு இன்னும் நல்லாருக்கும். மறுபடி பழைய தண்ணிக்கு வராம இருந்தா."

"அப்ப நீ அங்கயே இரு பாப்பா. இங்க வீடெல்லாம் வேணாம். பிள்ளையக் கூட்டிட்டு இங்க வந்துராத. நான் எடத்த மில்லுக்காரனுக்கு எழுதிக் குடுத்துட்டு, அம்மாவ ஒட்டன்சத்திரத்துக்குக் கூட்டிப் போயிர்றேன். வச்சுர்றேன், இருட்டுது."

அண்ணன் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சண்டை போடவாவது ஊருக்குப் போயிருப்பேன், குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்க மாட்டேன்.